வெடித்தது விண்மீன் அல்ல, அதன் மேல்தோல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பால்வீதி மையத்தின் பக்கம் பதிவான எக்ஸ்-கதிர் வெடிப்பு ஒன்றைப் பற்றி உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தோம். இந்த மாதிரி விஷயத்துக்குத் தமிழ் நாளிதழில் கால் பக்கம் கிடைப்பது அரிது, அதற்கு நன்றி. ஆனால் ‘நியூட்ரான் நட்சத்திரம் வெடித்துச் சிதறியது’ என்ற தலைப்பும், ‘இனி அதைக் காண முடியாது’ என்ற கடைசி வரியும் தவறு. கூடவே போட்டிருந்த படம் நண்டு நெபுலா. அது 1054இல் வானில் தெரிந்த விண்மீன் வெடிப்பின் (சூப்பர்நோவா) மிச்சம். செய்தியில் சொன்ன பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அந்த விண்மீன் சிதறவே இல்லை. நடப்பது இதுதான். சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரம் கொண்ட ஓர் உருண்டைக்குள் அடைந்து கிடக்கிறது. அதுதான் நியூட்ரான் விண்மீன். அதை ஒட்டியே ஒரு சிறு துணை விண்மீன் சுற்றுகிறது. சுற்றுக்காலம் சில மணி நேரம். சிலவற்றில் சில நிமிடங்கள்தான். 4யு 1820-30 என்ற இணை ஒரு சுற்றை 11.4 நிமிடத்தில் முடிக்கிறது. துணையிலிருந்து வழியும் ஹைட்ரஜனோ ஹீலியமோ நியூட்ரான் விண்மீனின் மேல் படிந்துகொண்டே வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் சுமார் நூறு டன் சேர்ந்ததும் அடியில் இருக்கும் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஓரிரு நொடியில் தீ மேற்பரப்பு முழுவதும் ஓடிவிடும். பிறகு பத்து நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் ஆறிவிடும். எரிந்து தீர்ந்தது சில மீட்டர் தடிமனுள்ள மேல்தோல் மட்டும். உருண்டை அப்படியே இருக்கிறது, அடுத்த படிவமும் உடனே தொடங்கிவிடுகிறது. 1975இல் என்ஜிசி 6624 என்ற கோளக் கொத்தில் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டத்தில்) டச்சுச் செயற்கைக்கோள் ஒன்றின் தரவில் கிரிண்ட்லேயும் ஹைஸேயும் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். அது மேலே சொன்ன அதே 4யு 1820-30தான், இன்றும் வெடித்துக்கொண்டிருக்கிறது. மின்பார் என்ற பொதுத் தொகுப்பில் 85 மூலங்களிலிருந்து (எக்ஸ்-கதிர் வரும் இத்தகைய இணைகளை மூலம் என்போம்) 7,083 வெடிப்புகள் பதிவாகியுள்ளன. ஒரே மூலம் நூற்றுக்கணக்கில் வெடித்த கணக்கும் அதில் உண்டு.

பிழையைச் சுட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. செய்தியில் ஒரு வரியாகக் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது: வெடிப்பதற்கு முன்னும் பின்னும் அந்த மூலம் மிக மங்கலாக இருந்தது என்பது. இந்தத் துறையில் இன்று கடினமான வேலை இந்த மங்கல் மூலங்களைப் பிடிப்பதுதான். அதற்குப் பெரிய தொலைநோக்கியை விடக் காத்திருந்த நேரமே உதவுகிறது. அந்தக் காத்திருந்த நேரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே பதிவாகி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இலவசமாகக் கிடக்கிறது. உங்கள் வாசகர்களில் இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஏன் மங்கல் மூலம் நழுவுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியூட்ரான் விண்மீனின் மேல் ஒரு கிராம் பொருள் விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.9 × 10²⁰ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் ஒரு சிறு அலகு). மூலத்தின் ஒளிர்வு நொடிக்கு 10³⁷ எர்க் என்றால் நொடிக்கு 5 × 10¹⁶ கிராம் விழுகிறது. பத்துக் கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையின் பரப்பு 1.26 × 10¹³ சதுர சென்டிமீட்டர். பங்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 4,300 கிராம். நூறு டன் சேர ஆறரை மணி நேரம் போதும். இப்படிப்பட்ட மூலத்தை ஒரு நாள் பார்த்தால் இரண்டு மூன்று வெடிப்பு தப்பாமல் மாட்டும். அதே மூலம் 10³⁵ எர்க்கில் ஒளிர்ந்தால்? நொடிக்கு 43 கிராம். நூறு டன் சேர 27 நாள். உண்மையில் இன்னும் மோசம்: பொருள் மெதுவாக விழும்போது மேலோடு குளிர்ந்தே இருப்பதால் நூறு டன்னில் பற்றாது. ஆயிரம் டன், பத்தாயிரம் டன் என்று ஹீலியம் குவிந்த பிறகே பற்றும். அப்போது இடைவெளி ஒன்பது மாதம், ஏழு வருஷம் என்று போய்விடும்.

நண்டு நெபுலாவுக்கு இந்தக் கதையில் இடம் இல்லை என்றோம். அளவுகோலாக மட்டும் அதற்கு இடம் உண்டு. எக்ஸ்-கதிர் வானியலில் பிரகாசத்தை ‘கிராப்’ என்ற அலகில்தான் பேசுவார்கள்; நண்டு நெபுலாவின் பிரகாசம் ஒரு கிராப். பால்வீதி மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே 10³⁵ எர்க்கில் ஒளிரும் மூலம் நமக்கு அரை மில்லிகிராப்தான், அதாவது நண்டு நெபுலாவின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதே மூலத்தில் ஹீலியம் வெடித்தால் உச்சத்தில் 3.8 × 10³⁸ எர்க் வரை போகும். அதற்கு மேல் போனால் ஒளியின் அழுத்தமே மேல்தோலைத் தூக்கிவிடும்; இதுதான் எல்லை ஒளிர்வு. அப்போது நமக்குத் தெரிவது ஏறத்தாழ இரண்டு கிராப். சூரியனைப்போல இருபத்தாறு மடங்கு ஒளிர்ந்தது ஒரு நொடியில் லட்சம் மடங்குக்குத் தாவுகிறது. ஆகவே அகலமாகப் பார்க்கும் எளிய கருவிக்கு மூலம் தெரியாது, வெடிப்பு தெரியும். கூர்மையாகப் பார்க்கும் பெரிய கருவிக்கு மூலம் தெரியும், ஆனால் வெடிப்பு நேரத்தில் அது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த முரண்தான் ‘வெடிப்பு மட்டும் மூலங்கள்’ என்ற ஒரு வகையையே உருவாக்கியது. 1996 ஏப்ரலில் ஏவப்பட்ட பெப்போ-சாக்ஸ் என்ற இத்தாலிய-டச்சுச் செயற்கைக்கோளில் 40 பாகை அகலத்துக்குப் பார்க்கும் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஆறு ஆண்டுகளில் பால்வீதி மையத்தைச் சுமார் 60 லட்சம் நொடி பார்த்தன. சில நொடி வெடிப்பு தெரியும். அதற்கு முன்னும் பின்னும் அந்த இடம் வெறுமை. அப்படிப் பிடிபட்டவை சாக்ஸ் ஜே1753.5-2349, சாக்ஸ் ஜே1806.5-2215 போன்றவை. வெறுமை என்றால் அணைந்துவிட்டது என்று பொருளில்லை. அந்தக் கேமராக்களின் பார்வை 10³⁶ எர்க்கை ஒட்டி முடிந்துவிடுகிறது, மூலம் அதற்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் இந்த இரண்டுமே வெளிப்படையாக ஒளிர்ந்து தங்களைக் காட்டிக்கொண்டன.

ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி 2006 பிப்ரவரியிலிருந்து பால்வீதி மையத்தை, சூரியன் குறுக்கே வரும் மாதங்கள் போக, ஏறக்குறைய நாள்தோறும் ஆயிரம் நொடி போலப் பார்த்துவந்தது. நாளில் ஆயிரம் நொடி என்றால் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 27 நாளைக்கு ஒரு முறை வெடிக்கும் மூலத்தில் ஒரே ஒரு வெடிப்பைப் பிடிக்க, ஒரு நாள்கூட விடாமல் ஆறு ஆண்டுக்கு மேல் பார்க்க வேண்டும். ஒரு வாரப் பார்வை நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதிப் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும். பழைய தரவைத் தோண்டுவதுதான் வழி.

தோண்டுவது எப்படி? ஸ்விஃப்ட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாசாவின் ஹியாசார்க் காப்பகத்திலிருந்து நிகழ்வுக் கோப்புகளை (ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரம், இடம், ஆற்றல் ஆகியவற்றின் பட்டியலை) எடுத்து, ஹியாசாஃப்ட் மென்பொருளை லினக்ஸ் ஏற்றிய சாதாரண மடிக்கணினியில் நிறுவினால் வேலை தொடங்கலாம். ஒவ்வொரு மூலத்தைச் சுற்றியும் 20 பிக்சல், அதாவது 47 விகலை (ஒரு விகலை, பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஆரத்துக்கு வட்டம் போட்டு, 10 நொடிக் கட்டங்களாக ஒளி வளைவு, அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம், எடுக்க வேண்டும். மங்கல் மூலத்தில் நொடிக்கு 0.02 ஃபோட்டான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்குச் சராசரி 0.2. ஒரே கட்டத்தில் ஐந்து ஃபோட்டான் தற்செயலாக விழும் வாய்ப்பு பத்து லட்சத்தில் இரண்டு. பத்து லட்சம் நொடித் தரவில் லட்சம் கட்டங்கள் இருக்கும். எனவே ஐந்தை வரம்பாக வைத்தால் நான்கு தேடலில் ஒன்றில் பொய்ப் பிடிப்பு வரும். ஆறை வரம்பாக வைத்தால் அந்தத் தொல்லை ஏறக்குறைய தீர்ந்தது. மாணவர்கள் இந்தப் புள்ளியியலிலேயே பாதி நாளைக் கழிப்பார்கள். உண்மையான வெடிப்பு ஆறு ஃபோட்டானோடு வராது, நூற்றுக்கணக்கில் கொட்டும். ஏமாற்றுவது புள்ளியியல் அல்ல, கருவி.

முதல் ஏமாற்று: பூமியின் ஒளிர்ந்த விளிம்பு. செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் பார்வையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பகல் பக்கத்துப் பூமியின் ஒளி சிசிடியில் (கேமராவின் ஒளி உணரும் சில்லில்) பட்டால், குறைந்த ஆற்றலில் பொய் எண்ணிக்கை எகிறும். ஒளி வளைவில் அது வெடிப்பின் வால் மாதிரியே இருக்கும். 1 கேஇவிக்கு (கேஇவி, ஃபோட்டான் ஆற்றலின் அலகு) கீழே மட்டும் எகிறினால் நம்பாதீர்கள். பால்வீதி மையத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிரில் 2 கேஇவிக்குக் கீழ் உள்ளதை வழியிலுள்ள வாயுவும் தூசும் பெரும்பாலும் விழுங்கிவிடும்; அங்கிருந்து வந்த வெடிப்பு அந்தக் கீழ்ப்பட்டையில் மட்டும் தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டாவது, ஸ்விஃப்ட்டுக்கே உரியது. மங்கல் மூலத்தைப் படமெடுக்கும் முறையில் ஒரு சட்டத்துக்கு 2.5 நொடி. ஒளி திடீரென்று கூடினால் கருவி பல நேரம் தானாகவே 1.8 மில்லிநொடி வேக முறைக்கு மாறிவிடும். இரண்டு முறைத் தரவும் வெவ்வேறு கோப்புகளில் போய் உட்காரும். படமுறைக் கோப்பை மட்டும் திறந்து பார்ப்பவருக்கு வெடிப்பு தொடங்கிய நொடியில் தரவு அறுந்துபோனதாகத் தோன்றும். அறுந்த இடம் கண்ணில் பட்டால் பக்கத்துக் கோப்பைக் கட்டாயம் திறக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கையானது. சந்திராவின் சிசிடி ஒரு சட்டத்தை 3.2 நொடிக்கு ஒரு முறைதான் படித்து முடிக்கிறது. இயற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய அந்தத் தொலைநோக்கியின் கூர்மை அரை விகலை. அதாவது வரும் ஃபோட்டான் எல்லாம் ஒன்றிரண்டு பிக்சலில்தான் விழும். மங்கல் மூலத்துக்கு இது வரம். வெடிப்பு வந்தால் அதே வரம் சாபம். ஒரே சட்டத்தில் பல ஃபோட்டான்கள் ஒரே இடத்தில் குவியும். கருவி அவற்றை ஒன்றாகக் கூட்டி ஒரே பெரிய ஃபோட்டானாகப் படித்து, ‘இது அண்டக்கதிர்’ என்று தூக்கி எறிந்துவிடும். விளைவு, படத்தில் மூலத்தின் நட்டநடுவே ஓட்டை. ஒளி வளைவில் உச்சம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். வெடிப்பைத் தேடுபவர் மேட்டை மட்டும் தேடினால் இது தப்பிவிடும். இதற்கு மாற்று உண்டு: சட்டத்தைப் படிக்கும் 41 மில்லிநொடியில் மூலத்திலிருந்து விழும் ஃபோட்டான்கள் படத்தில் மெல்லிய நேர்கோடாகப் பதிகின்றன. அந்தக் கோட்டில் குவிதல் கிடையாது. நிறமாலையை அதிலிருந்து எடுக்கலாம். ஸ்விஃப்ட்டின் படமுறையிலும் நொடிக்கு 0.5 எண்ணிக்கையைத் தாண்டினாலே குவிதல் தொடங்கிவிடும். அங்கே நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு வளையத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

சிசிடி இல்லாத வாயுக் கருவிகளில் குவிதலுக்குப் பதில் ‘செயலற்ற நேரம்’ வரும். நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள லாக்ஸ்பிசி என்ற கருவி ஒரு ஃபோட்டானைப் பதிந்தபின் சுமார் 42 மைக்ரோநொடிக்கு அடுத்ததைக் காணாது. அதன் மூன்று உணர்விப் பெட்டிகளில் ஒன்றில் நொடிக்கு 5,000 பதிவானால், 5,000ஐ 42 மைக்ரோநொடியால் பெருக்க 0.21, அதாவது நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கருவி கண்மூடி இருந்திருக்கிறது. உண்மை எண்ணிக்கை ஏறத்தாழ 6,330. இந்தத் திருத்தம் செய்யாமல் விட்டால் உச்சம் தட்டையாகத் தெரியும். ‘ஆ, எல்லை ஒளிர்வைத் தொட்டுவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

சரி, ஒரு மேடு கிடைத்துவிட்டது. கருவிக் கோளாறும் இல்லை. அது வெப்ப அணுக்கரு வெடிப்புதானா? சாதாரண விண்மீன்களின் காந்தச் சீறல், எங்கோ தொலைவில் நிகழ்ந்த காமாக்கதிர் வெடிப்பு, திரள் வட்டிலிருந்து (துணையிலிருந்து வந்த பொருள் விழுமுன் சுழலும் வட்டிலிருந்து) பொருள் தவணை தவணையாக விழுவதால் வரும் இரண்டாம் வகை வெடிப்பு என்று போலிகள் பல. லில்லர் 1 என்ற கொத்தில் இருக்கும் ‘ராப்பிட் பர்ஸ்டர்’ இரண்டு வகையையும் காட்டும். அசலுக்கு அடையாளம் ஆறுவது. வெடிப்பை 2–5 கேஇவி, 8–15 கேஇவி என இரண்டாகப் பிரித்து வரைந்தால் உயர் ஆற்றலில் வால் குட்டையாகவும் தாழ் ஆற்றலில் நீளமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளம் என்றால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது நிறமாலை. வெடிப்பை ஒரே துண்டாக வைத்துப் பொருத்துவது புதியவர்கள் செய்யும் தவறு. நொடிக்கு நொடி வெப்பம் மாறும் பொருளைச் சராசரி செய்தால் எந்த வெப்பநிலையும் கிடைக்காது. துண்டுக்கு முந்நூறு ஃபோட்டானாவது இருக்கும்படி வெட்டுங்கள். உச்சத்தில் அரை நொடித் துண்டு, வாலில் பத்து நொடித் துண்டு என்று அமையும். வெடிப்புக்கு முந்தைய சில நூறு நொடியைப் பின்னணியாகக் கழிக்க வேண்டும். மங்கல் மூலத்தில் ஒரு லாபம் இங்கேதான்: கழிக்க வேண்டியது ஏறக்குறைய பூச்சியம். பிரகாசமான மூலங்களில் வெடிப்பின்போது திரள் வட்டின் ஒளியும் மாறுகிறதா என்று பெரிய விவாதமே நடக்கும். மங்கல் மூலத்தில் அந்தத் தகராறு மிகக் குறைவு. எக்ஸ்-ஸ்பெக் என்ற நிறமாலைப் பொருத்தல் மென்பொருளில் கரும்பொருள் (வெப்பத்தால் மட்டும் ஒளிரும் பொருள்) மாதிரியை எடுத்து, இடைப்பட்ட வாயுவின் அளவை எல்லாத் துண்டுக்கும் ஒரே எண்ணாக நிறுத்திப் பொருத்தினால் உச்சத்தில் 2 முதல் 3 கேஇவி வரை வெப்பநிலை வந்து, வாலில் 1 கேஇவியை நோக்கி இறங்கும். அசல் என்றால் இப்படித்தான் இறங்கும்.

மாதிரியின் அளவுக்காரணி 77 என்று வந்தால், அதன் வர்க்கமூலம் 8.8, மாதிரி 10 கிலோபார்செக் தொலைவை அடியாகக் கொள்கிறது, 26,000 ஒளியாண்டு என்பது 8 கிலோபார்செக் என்பதால் 0.8ஆல் பெருக்க, ஆரம் 7 கிலோமீட்டர். உடனே ‘நியூட்ரான் விண்மீனின் ஆரம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதிவிடக் கூடாது. வளிமண்டலம் ஒளியைச் சிதறடிப்பதால் நாம் அளக்கும் வெப்பநிலை உண்மையைவிட 1.4 மடங்கோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும். ஆரத்தை அதன் வர்க்கத்தால் திருத்தினால் 14 கிலோமீட்டரை நெருங்கும். ஈர்ப்புத் திருத்தம் இன்னும் பாக்கி. ஒரு வெடிப்பை வைத்து ஆரம் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை. ஆனால் 2 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் என்று ஆரம் வந்தால் அது பயனுள்ள எச்சரிக்கை: ஒன்று தொலைவு தவறு, அல்லது விண்மீன் வட்டின் விளிம்பால் மறைந்திருக்கிறது, அல்லது வெடித்தது நாம் குறிவைத்த மூலமே அல்ல.

கடைசியாகச் சொன்னதற்கு எம்15 கோளக் கொத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அங்கே ஏசி 211 என்ற இணை நீண்ட காலமாகத் தெரிந்தது, சுற்றுக்காலம் 17.1 மணி. அதன் நியூட்ரான் விண்மீன் தடித்த வட்டின் பின்னால் ஒளிந்திருக்கிறது, நமக்கு வருவது சிதறி வந்த மிச்ச ஒளி மட்டுமே என்று கருதினார்கள். 1988இல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அதே திசையிலிருந்து மேல்தோல் விரிந்து சுருங்கும் அளவுக்கு வலுவான வெடிப்பைப் பதிந்தது. ஒளிந்திருக்கும் விண்மீனின் மேற்பரப்பு எப்படி இவ்வளவு பளிச்சென்று தெரியும்? பன்னிரண்டு ஆண்டுகள் விதவிதமான விளக்கங்கள் வந்தன. 2000இல் சந்திரா பார்த்தபோது அங்கே இரண்டு மூலங்கள், நடுவே 2.7 விகலைதான் இடைவெளி. வெடித்தது பக்கத்து வீட்டுக்காரர். இப்போது எம்15 எக்ஸ்-2 என்று பெயர். பின்னர் ஹபிளின் புற ஊதாத் தரவில் அதன் சுற்றுக்காலம் 22.6 நிமிடம் என்று தெரிந்தது. கிங்காவின் கருவி படமெடுக்காது, பாகைக் கணக்கில் வானத்தை ஒரே வாளியில் அள்ளும். வாளியில் எந்த மீன் துள்ளியது என்று அதற்குத் தெரியாது.

ஆஸ்ட்ரோசாட்டுக்கும் இதே எல்லை உண்டு என்பதால் சொல்கிறோம். 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அதன் தரவு இந்திய மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பெங்களூருக்கு அருகே பைலாலுவில் உள்ள காப்பகம் வழியாகக் கிடைக்கிறது. லாக்ஸ்பிசியின் நேரக் கூர்மை 10 மைக்ரோநொடி; 4யு 1728-34இன் வெடிப்பில் நொடிக்கு 363 முறை துடிக்கும் அலைவை அது அழகாகக் காட்டியது. ஆனால் அதன் பார்வை ஒரு பாகைக்கு ஒரு பாகை, படமும் எடுக்காது. பால்வீதி மையத்தில் ஒரு பாகைக்குள் பல வெடிப்பு மூலங்கள் இருக்கின்றன. ஜிஆர்எஸ் 1741.9-2853, மையக் கருந்துளையிலிருந்து பத்துக் கலை (ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தள்ளித்தான் இருக்கிறது, ஏஎக்ஸ் ஜே1745.6-2901 இன்னும் பக்கத்தில், ஒன்றரைக் கலை. குறியிலிருந்து விலகிய மூலம் வெடித்தால் ஒளியின் ஒரு பங்கை, கருவியின் பார்வையைக் குறுக்கும் வழித்தடுப்பான் மறைத்துவிடும். சிறிய வெடிப்பு, சிறிய ஆரம் என்று தவறான கணக்கு வரும். மூன்று பெட்டிகளில் ஒன்று 2018இல் நிறுத்தப்பட்டது, இன்னொன்றின் அளவீடு நிலையாக இல்லை. எனவே லாக்ஸ்பிசி 20 என்ற பெட்டியின் தரவையே எடுத்துக்கொள்வது நல்லது. மூலத்தின் அரை மில்லிகிராப் ஒளியை அதில் தேடாதீர்கள். பின்னணியின் ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரிது. அதே நேரத்தில் பதிவான, ஆஸ்ட்ரோசாட்டின் படமெடுக்கும் தொலைநோக்கியான எஸ்எக்ஸ்டியின் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். சட்டத்துக்கு 2.4 நொடி ஆனாலும், 40 கலைப் பரப்பில் எந்தத் திசையில் ஒளி கூடியது என்று சொல்லிவிடும். இரண்டு மூலம் நெருங்கியிருந்தால் அதுவும் கைவிரிக்கும், அங்கே சந்திராவைத்தான் நாட வேண்டும்.

வெடிப்பு நீளமாக இருந்தால் என்ன சொல்லலாம்? இங்கேயும் அவசரப்படுகிறார்கள். ஐஜிஆர் ஜே17062-6143 என்ற மங்கல் மூலம் 2006இல் கண்டறியப்பட்டது. அதன் வெடிப்புகள் 2012, 2015, 2020 ஆண்டுகளில் பிடிபட்டன. சாதாரண வெடிப்பைப்போல நொடிக்கணக்கில் முடியாமல் நிமிடக்கணக்கில் நீண்டன. விண்மீன் நொடிக்கு 163 முறை சுழல்கிறது, இணையின் சுற்றுக்காலம் 38 நிமிடம். இவ்வளவு குறுகிய சுற்றுக்குள் சாதாரண ஹைட்ரஜன் விண்மீன் அடங்காது. துணை பெரும்பாலும் ஒரு வெண்குள்ளனின் (எரிந்து ஓய்ந்த விண்மீன் கருவின்) மிச்சமாக இருக்கும். தடித்த ஹீலியம் படிவம், மெதுவான படிவு, நீண்ட வெடிப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆனால் 2008 மே மாதம் இதேபோல நீண்ட வெடிப்பைக் காட்டிய 1ஆர்எக்ஸ்எச் ஜே173523.7-354013இன் ஒளியியல் நிறமாலையில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு தெளிவாக இருந்தது. நீண்ட வெடிப்பு என்றாலே ஹீலியம் துணை என்று எழுத முடியாது.

தொலைவிலும் இதே சிக்கல். மேல்தோல் விரிந்து, ஆரம் கூடும்போது வெப்பம் குறைந்து, மொத்த ஒளி மட்டும் மாறாமல் நின்றால் எல்லை ஒளிர்வைத் தொட்டது என்று கொள்ளலாம். படிவம் சுத்த ஹீலியம் என்றால் 26,000 ஒளியாண்டு என்று வரும் மூலம், ஹைட்ரஜன் கலந்தது என்றால் எல்லையே 2 × 10³⁸ஐ ஒட்டிக் குறைந்து, 19,000 ஒளியாண்டுக்கு வந்துவிடும். விரிவு தெரியவில்லை என்றால் கிடைப்பது தொலைவின் மேல்வரம்பு மட்டுமே. உங்கள் செய்தியில் தொலைவு ஒரே எண்ணாக இருந்தது; எந்த அனுமானத்தில் என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம்.

2024 ஜனவரியில் ஏவப்பட்ட சீனாவின் ஐன்ஸ்டைன் புரோப் ஒரே பார்வையில் 3,600 சதுரப் பாகையைப் பார்க்கிறது. இனி வெடிப்புகள் அதிகம் மாட்டும். ஆனால் அதன் பட்டை 0.5 முதல் 4 கேஇவி வரைதான். வாயு அடர்ந்த மையத்தைவிட, அதற்கு மேலும் கீழும் விலகிய மூலங்களுக்கே அது கூடுதலாக உதவும். மையத்துக்குப் பழைய தரவுதான் கதி.

தேடிக் கண்ட மாணவர் முதலில் மின்பாரில் அந்த நேரத்தையும் மூலத்தையும் ஒப்பிட வேண்டும். பாதிக்கு மேல் முன்பே தெரிந்ததாக இருக்கும், அதில் வெட்கம் இல்லை. இல்லையென்றால் நேரத்தைச் சூரியக் குடும்ப மையத்துக்குத் திருத்தி, அதே நொடியில் வேறு கருவி ஏதேனும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்று தேட வேண்டும். இரண்டாவது கருவியிலும் அதே மேடு தெரிந்த பிறகு எழுதலாம். பழைய வெடிப்புக்கு அவசரம் ஒன்றும் கிடையாது.

இணையப் பதிப்பில் தலைப்பையும் கடைசி வரியையும் திருத்தும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். வெடிப்பின் ஒளி வளைவு ஒன்றைப் போட்டால் போதும். அச்சில் இரண்டு அங்குல அகலத்திலும் அதன் செங்குத்தான ஏற்றமும் சாய்ந்த வாலும் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
எக்ஸ்-கதிர் வானியல் தரவு ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்